இரண்டு டாங்க்குகள்: ஏரி, வெள்ளம், தேசப் பாதுகாப்பு

1

சுற்றுச்சூழல் தளத்தில் இயங்கும் தோழர்கள் சிலரிடம் அண்மைக் காலமாக ஒரு யோசனை பரவி வருகிறது. 'வெள்ளம், வறட்சி, புயல்னு எவ்வளவு கத்தினாலும் அரசு காதுல விழாது. இதையே தேசப் பாதுகாப்புப் பிரச்சினைன்னு சொல்லிப் பாருங்க, மறுநாளே ஃபைல் நகரும்' என்கிறார்கள். தந்திரம் என்ற அளவில் இது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மொழி, எடுத்துப் பயன்படுத்திவிட்டு மூலையில் சாத்தி வைக்கும் கடப்பாரை இல்லை. ஒரு சொல்லாடலுக்குள் நுழைகிறவர்களை அந்தச் சொல்லாடலே எதிரி, தளபதி, சிப்பாய், அகதி என்று இடம் பிரித்து நிறுத்திவிடும். நமக்கு அதில் எந்த இடம் கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இந்தப் பேச்சின் அண்மை வரலாறு சுருக்கமானது. 2007 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓய்வுபெற்ற தளபதிகள் சிலர் வெளியிட்ட அறிக்கை, பருவநிலை மாற்றத்தை 'அச்சுறுத்தல்களைப் பெருக்கும் காரணி' என்றது. அதே மாதம் பிரிட்டனின் முன்முயற்சியில் ஐ.நா. பாதுகாப்பு சபை முதன்முறையாக இதை விவாதித்தது. எதையும் 'பாதுகாப்புப் பிரச்சினை' என்று பெயரிட்டவுடன் அது சாதாரண அரசியல் விவாதத்திலிருந்து தூக்கி எடுக்கப்பட்டு, விதிவிலக்கான நடவடிக்கைகளுக்கு உரியதாகிவிடுகிறது என்று ஓலே வேவர் போன்றவர்கள் 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள். இதைப் 'பாதுகாப்பாக்கம்' எனலாம்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே இன்னொன்றும் தோன்றுகிறது. 'காப்பு' என்றால் நூலின் முதலில் வரும் கடவுள் வணக்கம். கையில் போடும் வளையம். பேச்சு வழக்கில் போலீஸ் மாட்டும் விலங்கும் காப்புதான். காப்பதும் கட்டுவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நம் வழக்கு இதை எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது.

2

நான் இருப்பது அயனம்பாக்கத்தில். தேசப் பாதுகாப்பு பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். ஊருக்கு ஓர் ஏரி. வடக்கே அம்பத்தூர், கிழக்கே முகப்பேர், தெற்கே கூவம், வடமேற்கே ஆவடி. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம். 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது இங்கிருந்துதான்.

ஆவடி என்ற பெயரே ஆங்கிலத்தில் 'கவச வாகனக் கிடங்கு' என்பதன் முதலெழுத்துகள் என்று ஒரு கதை உண்டு. படித்தவர்களும் இதை நம்பிச் சொல்கிறார்கள். தொழிற்சாலை தொடங்கியது 1961இல். சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது 1955 ஜனவரியில். அப்புறம் எப்படித் தொழிற்சாலை ஊருக்குப் பெயர் வைத்திருக்கும்? கதை பொய். ஆனால் பொய் எப்படிச் செயல்படுகிறது என்பதுதான் முக்கியம். ஓர் ஊரின் பழைய நினைவைத் துடைத்துவிட்டு, ராணுவம் வருவதற்கு முன் இங்கே ஒன்றுமே இல்லை என்று அது ஆக்கிவிடுகிறது.

இன்னொரு சொல் விளையாட்டும் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் ஆவணங்களில் ஏரிக்குப் பெயர் 'டாங்க்'. ஆவடியில் செய்வதும் 'டாங்க்'. முதல் உலகப் போரில் அந்த வண்டியை ரகசியமாகத் தயாரித்தபோது, ஒற்றர்களை ஏமாற்ற 'இது தண்ணீர்த் தொட்டி' என்று பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யே பெயராக நிலைத்தது. தண்ணீரின் பெயரைப் போர் திருடிக்கொண்டது என்பது எங்கள் பகுதியில் உருவகமல்ல. ஒரு டாங்க்குக்கு வேலியும் காவலும் வரவு செலவுத் திட்டமும் இருந்தன. மற்ற டாங்க்கின் கதை வேறு. முகப்பேரில் ஒரு குடியிருப்பின் பெயரே 'ஏரித் திட்டம்'. வீட்டுவசதி வாரியம் போட்டது. ஏரி போய்விட்டது, திட்டம் நிற்கிறது. இது புதிதும் அல்ல. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்து உருவானது. வள்ளுவர் கோட்டமும் ஏரிப் படுகைமீதுதான் நிற்கிறது.

3

வெள்ளத்தை அரசு தன் பாதுகாப்பு விஷயமாகப் பார்த்தது 2007இல் தொடங்கவில்லை. சென்னை மாகாணத்துக்கென 1858இல் முதலாம் எண் சட்டம் ஒன்று வந்தது. கட்டாய உழைப்புச் சட்டம் என்றும் குடிமராமத்துச் சட்டம் என்றும் அறியப்படுவது. அதன் தலைப்பே 'வெள்ளத்தால் நேரும் கேட்டைத் தடுக்கக் கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்குவது' என்றுதான் போகிறது. கரை உடையும் ஆபத்து என்று அதிகாரி கருதினால், ஊரில் உள்ள 'உழைக்கும் வகுப்பை'ச் சேர்ந்த திடமான ஆண்களை அழைக்கலாம். வர மறுத்தால் தண்டனை. யாருடைய நிலம் காப்பாற்றப்பட்டது, யாருடைய உடல் கரையில் மண் சுமந்தது என்ற பிரிவினை சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. 1857 எழுச்சிக்கு அடுத்த ஆண்டுச் சட்டம் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

பதினெட்டு ஆண்டு கழித்துத் தாது வருடப் பஞ்சம். 1876-78இல் பிரிட்டிஷ் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வைசிராய் லிட்டன் 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் தர்பார் நடத்தினார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்து அரசை விமர்சித்த வில்லியம் டிக்பி எழுதிய இரண்டு தொகுதி வரலாறு 1878இல் வந்தது. அந்தப் புத்தகத்தின் தலைப்பிலும் பஞ்ச நிவாரணத்துக்குக் 'கேம்பெய்ன்' என்றே பெயர். படையெடுப்பைக் குறிக்கும் சொல். விமர்சகரின் வாயிலும் ராணுவச் சொல்தான் வந்தது.

ஃபூக்கோ 1978 ஜனவரியில் ஆற்றிய உரைகளில் தானியப் பற்றாக்குறையை எடுத்துக்கொண்டு 'பாதுகாப்பு' என்னும் அதிகாரத் தொழில்நுட்பத்தை விளக்குகிறார். சிலர் பட்டினி கிடந்தாலும் 'மக்கள்தொகை' பிழைத்தால் போதும் என்பது அதன் தர்க்கம். அந்தக் கணக்குக்கு உடன்பட மறுத்துக் கடையை உடைக்கிறவர்கள் மக்கள்தொகைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். டெம்பிளின் ஒரு பவுண்டு இந்தத் தர்க்கத்தின் தமிழ்நாட்டு உதாரணம். பஞ்சத்தில் அரசு கண்ட அபாயம் சாவு அல்ல. பசித்தவன் கூட்டமாக நடந்து வருவது.

4

இங்கே ஓர் எச்சரிக்கை. காலனியம் வருவதற்கு முன் ஏரிகளை ஊரே கூடிக் காத்தது, அது பொற்காலம் என்று சொல்வது நம்மிடையே சுலபமான பழக்கம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் பற்றிப் பேசுவது உண்மை. அந்த வாரியத்தில் உட்காரக் கால்வேலி நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பார்ப்பனர் சபை. மதகைத் திறந்து மூடி, இரவில் கரைமேல் படுத்துக் கிடந்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அவர்களுக்குக் கூலி, களத்தில் அளக்கும் கொஞ்சம் நெல். ஏரியைக் காத்தவன் ஒருவன், ஏரியால் காக்கப்பட்டவன் வேறொருவன். 1858 சட்டம் இந்தச் சாதி ஏற்பாட்டை இல்லாமல் செய்யவில்லை. அரசு முத்திரை குத்தியது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏரிக் காவலுக்கு வானம் எதிரி இல்லை. கலங்கல் என்பதே, நிரம்பினால் வெளியேற வழி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட கட்டுமானம். மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரத்து. வெள்ளம் அந்த ஏற்பாட்டின் உள்ளேயே எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. வெளியிலிருந்து வந்த தாக்குதலாக மழை மாறியது, உபரி போகும் வழியில் வீட்டுமனை போட்ட பிறகுதான்.

5

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்தன. படகுகளில் சீருடைக்காரர்கள் வந்தார்கள். பலரைக் காப்பாற்றினார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவருக்கு நீட்டப்படும் கை யாருடையது என்பது அந்த நேரத்துக் கேள்வி இல்லை. மறுநாள் கேள்வி.

அந்த மறுநாளில் இரண்டு ஆவணங்கள் வந்தன. ஒன்று, 2016இல் வெளியான பருவநிலை அறிவியலாளர்களின் ஆய்வு. அந்தக் குறிப்பிட்ட மழையில் புவி வெப்பமாதலின் பங்கைத் தெளிவாகக் காட்ட முடியவில்லை என்றது. புவி வெப்பமாதல் பொய் என்பது இதன் பொருளல்ல. பெருமழைகள் கூடும் என்பதில் அறிவியலுக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை. அது இதை மனிதரால் உண்டான பேரழிவு என்றது. ஆக்கிரமிப்பு, நீர்த்தேக்க நிர்வாகம், திட்டமிடல் என்று குற்றப்பட்டியல் உள்ளூரிலேயே இருந்தது. 'பருவநிலை நம்மைத் தாக்கியது' என்ற வாக்கியத்தில் எழுவாய் வானம். தணிக்கை அறிக்கையின் வாக்கியங்களில் எழுவாய் துறைகள். தேசப் பாதுகாப்புச் சொல்லாடல் நம்மிடம் கேட்பது இந்த எழுவாயை மாற்றித் தரும்படிதான்.

எழுவாய் மாறினால் என்ன ஆகும்? கூவம் கரையைப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு குடிசைகள் 'ஆக்கிரமிப்பு' என்று அகற்றப்பட்டு, குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. அங்கும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. அதே கூவத்துக்குள் துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கான தூண்கள் நட்டார்கள். ஆற்றோட்டத்தைத் தடுக்கிறது என்று 2012இல் மாநில அரசே நிறுத்தியது. தூண்கள் பல ஆண்டுகள் ஆற்றில் நின்றன. 2022இல் திட்டத்துக்கு மறுபடி அடிக்கல். குடிசை ஆக்கிரமிப்பு; தூண் வளர்ச்சி. ஆற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2004 சுனாமியைத் தொடர்ந்து 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மீட்புப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ், மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்து எடுக்கப்பட்ட பட்டாலியன்களால் ஆனது. நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். 51ஆம் பிரிவின்படி, உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தால் ஓராண்டு வரை சிறை; அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரை. 54ஆம் பிரிவின்படி, பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை. ஏரியைத் தூர்க்காதே, வெள்ளம் வரும் என்று நோட்டீஸ் அடிக்கும் தோழர்கள் 54ஆம் பிரிவை ஒரு தடவை படித்துவிட்டு 'தேசப் பாதுகாப்பு' என்று எழுதுவது நல்லது. 1858க்கும் 2005க்கும் நடுவே கரையில் மண் சுமக்கச் சொல்லும் சட்டம், வாயை மூடச் சொல்லவும் கற்றுக்கொண்டிருக்கிறது.

6

2021 டிசம்பர் 13 அன்று, பருவநிலையைப் பாதுகாப்பு சபையின் நிரந்தர அக்கறையாக்க அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 12 நாடுகள் ஆதரவு; சீனா ஒதுங்கியது; ரஷ்யா தன் வீட்டோவால் தோற்கடித்தது. எல்லா நாடுகளும் உட்காரும் பருவநிலை மாநாட்டை விட்டுவிட்டு, 15 பேர் முடிவெடுக்கும் அறைக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. அப்படிப் போனால் வளர்ந்த நாடுகளின் உமிழ்வுப் பொறுப்பு மறைந்துபோகும் என்பது இந்தியத் தரப்பின் சாரம். அதைச் சபையில் சொன்னவர் தி. சு. திருமூர்த்தி, சென்னையைக் களமாக வைத்து நாவல் எழுதியவர்.

எனக்கு இந்த வாதத்தில் உடன்பாடு உண்டு. உலகின் பெரிய படைகள் எரிக்கும் எண்ணெயைத் தனியாகக் கணக்குக் காட்டுவதுகூட இன்றுவரை கட்டாயமில்லை; புகை விடுகிறவனே காவல்காரனாக வருவதை மறுப்பது சரி. ஆனால் அதே வாதத்தை டெல்லியிலிருந்து ஆவடிக்குக் கொண்டுவந்தால் என்ன? எல்லாரும் உட்காரும் கிராம சபையை விட்டுவிட்டுச் சிலர் முடிவெடுக்கும் அறைக்கு ஏரியைக் கொண்டுபோகாதே. போனால் நிலத்தைத் தின்றவர்களின் பொறுப்பு மறைந்துபோகும். நியூயார்க்கில் நியாயமாக இருப்பது அம்பத்தூரில் தேசவிரோதமாக இருக்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. முதலாளிகளின் நட்டம் செய்தியானது. நாள்கூலி போன ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது என்ன நட்டம் என்று எந்தப் பாதுகாப்பு அறிக்கையும் எழுதாது. அவர் அந்த மொழியில் 'நிலைகுலைவுக்கான காரணி'யாக மட்டுமே தோன்றுவார்.

ஆகவே தோழர்களுக்கு என் யோசனை வேறு. ஹெலிகாப்டர் வரும் மொழியை விட்டுவிட்டுப் புலவரைபடத்தின் மொழியில் பேசுவோம். ஒவ்வோர் ஏரிக்கும் வரத்துக் கால்வாய் எது, கலங்கல் எது, உபரி எந்தச் சர்வே எண் வழியாகக் கூவத்துக்குப் போயிற்று, அந்த எண்ணில் மனைப்பிரிவுக்குக் கையெழுத்துப் போட்ட அலுவலகம் எது என்று கேட்போம். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் தலைப்பிலேயே 'பாதுகாப்பு'ம் 'ஆக்கிரமிப்பு அகற்றலு'ம் வைத்திருக்கிறது. அதன்படி அகற்றப்படுவது எப்போதும் குடிசையிலிருந்தே ஏன் தொடங்குகிறது என்று எழுத்தில் பதில் கேட்போம். இது மந்தமான வேலை. ஃபைல் மறுநாளே நகராது. ஆனால் இந்த வேலையில் நாம் கேள்வி கேட்கிறவர்களாக இருப்போம்; மற்றதில் நம்மைத்தான் கண்காணிப்பார்கள்.