கொட்டேஷனில் வரும் 'ஓவர்ஹெட் சார்ஜ்' என்றால் என்ன? எப்படி கணக்கு போடுறாங்க?

கட்டட வேலைக்கோ, இன்டீரியர் வேலைக்கோ ஒரு கான்ட்ராக்டரிடம் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். சிமென்ட், கம்பி, மணல், ஆள் கூலி என வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கடைசிக்கு முந்தைய வரியில் 'ஓவர்ஹெட் 10 சதவீதம்' என்று ஒன்று நிற்கும். எதற்கு இந்தப் பணம் என்று கேட்டால், "அது எல்லாரும் போடுறதுதான் சார்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். வீட்டு வேலையில் இது சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். கோடிகளில் போடப்படும் ஒப்பந்தங்களில் இதே வரிக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

ஓவர்ஹெட்னா என்ன?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது 'மேற்செலவு'. ஒரு குறிப்பிட்ட வேலைக்கு இவ்வளவு என நேரடியாகக் கை காட்ட முடியாத செலவுகள் எல்லாம் இதில் வரும். கம்பி வாங்கிய பில் எந்தக் கட்டடத்துக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் கம்பெனியின் ஆபீஸ் வாடகை, அக்கவுன்டன்ட் சம்பளம், ஆடிட்டர் ஃபீஸ், கரன்ட் பில்? நடக்கும் 5 வேலைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தச் செலவு. அதைப் பங்கு போட்டு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கொஞ்சம் ஏற்றுவதுதான் ஓவர்ஹெட்.

இதிலும் இரண்டு வகை உண்டு. வேலை நடக்கும் இடத்தில் போடும் ஷெட், வாட்ச்மேன், சைட் இன்ஜினீயர் சம்பளம் போன்றவை சைட் ஓவர்ஹெட். தலைமை அலுவலகச் செலவு தனி. சண்டை பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும். ஏனென்றால் அதைப் பங்கு பிரிக்க ஒரே ஒரு சரியான வழி என்று எதுவும் கிடையாது.

சதவீதம் எதன் மேல்?

'10 சதவீதம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதி தகவல்தான். நேரடிச் செலவு 90 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். செலவின் மேல் 10 சதவீதம் என்றால் 9 லட்சம். மொத்த ஒப்பந்த விலையில் 10 சதவீதம் என்றால் விலை 1 கோடி ஆகும், ஓவர்ஹெட் 10 லட்சம். ஒரே எண், 1 லட்சம் வித்தியாசம்.

லாபத்தையும் கவனிக்க வேண்டும். மத்திய பொதுப்பணித் துறை தனது விலைப் பகுப்பாய்வில் ஒப்பந்ததாரரின் லாபம் ஏழரை, ஓவர்ஹெட் ஏழரை என மொத்தம் 15 சதவீதம் சேர்க்கிறது. 1 கோடி செலவுக்கு இது 15 லட்சம். இதையே முதலில் ஓவர்ஹெட் ஏற்றி, வந்த தொகையின் மேல் லாபத்தை ஏற்றினால் 15,56,250 ரூபாய் ஆகிவிடும். ஓவர்ஹெட் மேலேயும் லாபம் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். இது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனா ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

ஃபேக்டரி ஒப்பந்தங்களில் வேறு மாதிரி. செலவைக் கொடுத்து அதற்கு மேல் லாபம் தரும் 'காஸ்ட் பிளஸ்' முறையில் ஒரு பொருள் செய்கிறார்கள் என்றால், மாதம் 5 லட்சம் நிலையான மேற்செலவு. 10,000 பீஸ் செய்யும் திறன். பீஸுக்கு 50 ரூபாய். ஆர்டர் குறைந்து 5,000 பீஸ்தான் ஓடியது என்றால் பீஸுக்கு 100 ரூபாய் என்று வாங்குபவர் தலையில் கட்டலாமா? இந்திய காஸ்ட் அக்கவுன்டன்ட்ஸ் நிறுவனத்தின் செலவுக் கணக்கியல் தரம் 3 இதற்கு விடை சொல்கிறது: நிலையான மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மெஷின் சும்மா நின்ற செலவு பொருளின் விலையில் ஏறக்கூடாது.

வேலை தாமதமானால்?

இங்கேதான் பெரிய பணம் இருக்கிறது. 18 மாதத்தில் முடிய வேண்டிய வேலை, இடத்தை ஒப்படைக்க லேட் ஆனதால் 24 மாதம் ஆகிறது. அந்தக் கூடுதல் 6 மாதமும் ஆபீஸ் வாடகை, சம்பளம் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக ஏற்படும் இழப்புக்கு ஈடு கேட்க வழி செய்கிறது. எவ்வளவு என்பதற்கு மூன்று ஃபார்முலாக்கள் புழக்கத்தில் உள்ளன.

ஒரு கற்பனைக் கணக்கு: ஒப்பந்த மதிப்பு 3.6 கோடி, அதாவது மாதத்துக்கு 20 லட்சம். டெண்டரில் போட்ட ஓவர்ஹெட் 10 சதவீதம். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் உண்மையான ஓவர்ஹெட் 8 சதவீதம்.

ஹட்சன் ஃபார்முலா டெண்டரில் எழுதிய சதவீதத்தையே எடுத்துக்கொள்ளும். மாதம் 2 லட்சம், 6 மாதத்துக்கு 12 லட்சம். எம்டன் ஃபார்முலா கணக்குப் புத்தகத்தின் 8 சதவீதத்தை எடுக்கும், 9.6 லட்சம். ஐக்லே ஃபார்முலா இன்னும் ஒரு படி உள்ளே போகும். இது 1960-ல் அமெரிக்க ராணுவ ஒப்பந்த மேல்முறையீட்டு வாரியத்தின் தீர்ப்பில் இருந்து வந்தது. அந்த 24 மாதத்தில் கம்பெனியின் மொத்த பில் 12 கோடி, தலைமை அலுவலகச் செலவு 96 லட்சம் என்றால், இந்த வேலையின் பங்கு 30 சதவீதம், அதாவது 28.8 லட்சம். அதை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1.2 லட்சம். தாமதமான 6 மாதத்துக்கு 7.2 லட்சம்.

ஒரே தாமதம், மூன்று தொகை. எந்தத் தரப்புக்கு எந்த ஃபார்முலா பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2006-ல் மெக்டெர்மாட் - பர்ன் ஸ்டாண்டர்ட் வழக்கில் இந்த மூன்றையும் உச்ச நீதிமன்றம் அலசியது. எதைப் பயன்படுத்துவது என்பது மத்தியஸ்தரின் அதிகார வரம்புக்குள் வருவது என்றது. அதற்காக ஃபார்முலாவில் எண்ணைப் போட்டாலே பணம் வந்துவிடாது. 2023-ல் பட்லிபாய் - ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் வழக்கில், மத்தியஸ்தர் கொடுத்த தொகையில் ஒரே இழப்பு இரண்டு முறை கணக்கிடப்பட்டிருக்கிறது என்று கூறி, அந்தத் தீர்ப்பு ரத்தானதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஹட்சன் மேல் இருக்கும் முக்கியமான குறையும் இதுதான். ஒப்பந்த விலைக்குள்ளேயே ஓவர்ஹெட்டும் லாபமும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த விலையின் மேல் மறுபடி சதவீதம் போட்டால் ஓவர்ஹெட்டுக்கே ஓவர்ஹெட் வாங்குவதாக ஆகிறது. மேலும், இந்த வேலையில் மாட்டாமல் இருந்தால் வேறு வேலை எடுத்துச் சம்பாதித்திருப்போம் என்பதை ஒப்பந்ததாரர் காட்ட வேண்டும். கைவிட்ட டெண்டர்கள், அந்த ஆண்டுகளின் ஆடிட் கணக்கு போன்றவைதான் அங்கே பேசும்.

இதெல்லாம் ஈடு கேட்க ஒப்பந்தம் அனுமதித்தால்தான். பல அரசு ஒப்பந்தங்களில், 'தாமதம் ஏற்பட்டால் கால நீட்டிப்பு மட்டும் உண்டு, பணம் கிடையாது' என்ற ஷரத்து இருக்கும். 2007-ல் ராம்நாத் இன்டர்நேஷனல் வழக்கில் அப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு ஹட்சனும் எம்டனும் அங்கே உதவிக்கு வரமாட்டார்கள்.