நீலத்துணியின் நெடும்பயணம்

பழந்தமிழ்ப் புலவர் நெய்தொழிலின் நுண்மையை வியந்து போற்றியுள்ளனர். பொருநராற்றுப்படை மெல்லிய ஆடையைப் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகின்றது. ஆயினும் உலக வாணிகத்தை வளர்த்தது அத்தகைய நுண்துகில் மட்டுமன்று. பாவின் இழைகளை ஊடை ஒன்றுவிட்டு ஒன்றாய் மேலும் கீழும் கோத்துச் செல்லும் சாதா நெசவில் உருவான, பூவேலையற்ற துணிக்கும் அதில் பெரும்பங்குண்டு. பாடல் பெறாத அத்துணிகளுள் ஒன்று புதுச்சேரியின் 'கினி'த் துணி.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையை ஐரோப்பியர் கினி என்றழைத்தனர். அக்கரையில் விலைபோனமையால் சோழமண்டலக் கரையின் அவுரி நீலத்துணி அப்பெயர் பெற்றது. கோழிக்கோட்டின் பெயர் 'கலிகோ' என்னும் சொல்லாக ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது. இங்கோ நெய்த ஊர் மறைந்து, விற்ற நாடே துணிக்குப் பெயராயிற்று.

1719இல் விரிவுபெற்ற பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் கையில் புதுச்சேரியும் செனகலும் ஒருங்கே இருந்தன. கம்பெனியிடம் ஒப்பந்தம் செய்துகொண்ட வணிகர், நெசவாளர்க்கு முன்பணம் தந்து துணியைப் பெற்றனர். அவுரிச் சாயம் ஏறிய துணி கட்டுகளாகிக் கப்பலேறிப் பிரான்சு சென்று, அங்கிருந்து செனகல் ஆற்று முகத்திலுள்ள செயின்ட் லூயியை அடைந்தது. அக்கால வணிகர் பலரின் பெயர்களையும் பேச்சுகளையும் 1736 முதல் 1761 வரையிலான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டுகின்றது. நெய்த கைகளுக்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை.

செனகல் ஆற்றங்கரையில் அத்துணி ஆடையாக மட்டுமன்றிக் காசாகவும் வழங்கியது. பாலைநிலத்து மூர் வணிகர் கொணர்ந்த வேலம்பிசினின் விலை நீலத்துணிகளின் எண்ணிக்கையால் கணக்கிடப்பெற்றது. ஐரோப்பியத் துணி அச்சுத் தொழிலில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பிசின் தேவைப்பட்டது. அவ்வச்சுத் துணிகளோ இந்தியச் சீட்டித் துணிகளுக்கே போட்டியாக எழுந்தவை. ஆக, தமிழ்நிலத்துத் தறியின் விளைவைக் கொடுத்து வாங்கிய பொருளே, இந்திய நெசவின் சந்தையைப் பறிக்கும் தொழிலுக்கு ஊட்டமளித்தது.

இவ்வரலாற்றின் கொடிய பக்கம் இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாகக் கொடுக்கப்பெற்ற சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிகள் முதன்மையானவை. பிசின் சேகரித்தவரிலும் பெரும்பாலோர் அடிமைகளே. முன்பணக் கடனில் சிக்கித் தறியில் அமர்ந்தவனின் துன்பமும், விலங்கு பூட்டப்பெற்றுக் கப்பலேறியவனின் துன்பமும் ஒன்றல்ல. எனினும் இருவர் வாழ்வையும் ஒரே துணி தொட்டுச் சென்றது. இருவரும் கணக்கேட்டில் பெயரின்றியே போயினர்.

1816இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமானபின் இவ்வாணிகம் தழைத்தது. ஐரோப்பிய ஆலைகள் போலி நீலத்துணிகளை அனுப்பின. ஆற்றங்கரை மக்களோ முகர்ந்தும் தடவியும் பார்த்து, புதுச்சேரித் துணியையே நாடினர். எழுத்தும் முத்திரையும் சொல்லாததை மணம் சொல்லியது. அதே நூற்றாண்டில் சவானா ஆலை முதலியன எழ, கைத்தறியின் இடத்தை விசைத்தறி கைப்பற்றத் தொடங்கிற்று.

அவ்வாலைத் தொழிலாளர் தம் உரிமை கேட்டுப் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சிந்திய அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்நாள் ஆண்டுதோறும் புதுவையில் நினைவுகூரப்படுகின்றது. அதற்கு முந்தைய தலைமுறைகளின் நெசவாளர்க்கோ அவ்வாறு ஒரு நாளில்லை.

வணிகர் ஏடு துணிகளின் எண்ணிக்கையைக் காத்து வைத்தது. நெய்தவரையும் உடுத்தவரையும் விற்கப்பட்டவரையும் பற்றிப் பேசும் கடமை வரலாற்றாசிரியர்க்கு மட்டுமன்று, கவிஞர்க்கும் உரியது.