கரண்ட் வைத்தியம்: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிப்போன விஷயம். வைத்தியத்துக்கு வரும் ஊர்க்காரர்கள் நம் வீட்டில்தான் தங்குவார்கள். 1973-இல் தொடங்கிய கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை இங்கே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "முதுகெலும்புக்குப் பரவிடுச்சாம். புது மெஷின்ல கரண்ட் வைக்கணுமாம். வீட்டை அடகு வைக்கலாமா?"

நான் பி.காம். படித்த பேங்க்காரன், டாக்டர் இல்லை. கடன் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் தேடிப் படித்தேன்.

கோபால்ட் இயந்திரத்தில் முதல் நோயாளிக்குக் கதிர்வீச்சு கொடுத்தது கனடாவில், 1951-இல். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957-லேயே அது வந்துவிட்டது. எலும்பு வலி குறைந்தது. ஆனால் முதுகெலும்புக்குள்ளேயே தண்டுவடம் ஓடுகிறதே! அது தாங்கும் அளவுக்கு மேல் கதிர் பட்டால் கால் விழுந்துவிடும். அதனால் அளவைக் குறைத்தே வைத்தார்கள்.

அதே 1951-இல் ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல், தலையைச் சட்டத்தில் இறுக்கி, பல திசைகளிலிருந்து கதிரை ஒரே புள்ளியில் குவிக்கும் யோசனையை எழுதினார். தலைக்குச் சரி, முதுகுக்குச் சட்டம் மாட்ட முடியுமா? அவரிடம் பயின்ற அமெரிக்கர் ஜான் ஆட்லர், ரோபோ கையில் கதிர் இயந்திரத்தைப் பொருத்தினார். 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் முதல் நோயாளி. அதுதான் சைபர்நைஃப். பின்னால் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தது. இன்று வேறு நவீன இயந்திரங்களிலும் இதே துல்லிய சிகிச்சை செய்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 2021-இல் வெளியான கனடா தலைமையிலான ஆய்வில் 229 பேர். மூன்று மாதத்தில் வலி முழுசாகப் போனவர்கள், துல்லிய முறையில் 35 சதவீதம், வழக்கமான முறையில் 14. ஆனால் 2023-இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஒரே நாளில் கொடுத்த துல்லிய சிகிச்சை, ஒரே நாளில் கொடுத்த சாதாரண 8 கிரே அளவைவிட வலியை அதிகம் குறைக்கவில்லை. ஆக, விலை கூடினால் பலன் கூடும் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது.

அதனால் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்குச் சாதாரண கதிர்வீச்சு போதாதா? எலும்பு உறுதியாக இருக்கிறதா? தண்டுவடம் அழுந்துகிறதா?

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் நின்றாலோ லோன் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2005-இல் வந்த ஓர் ஆய்வில், தண்டுவடம் அழுந்தியவர்களில் உடனே ஆபரேஷன் செய்து பிறகு கதிர் வைத்தவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள், கதிர் மட்டும் வைத்தவர்களில் 57. பணத்தை அப்புறம் புரட்டலாம், போன கால் திரும்புவது கஷ்டம்.