ஐந்து குழல் கண்ணாடி ஊசி

1950களில் ஒரு மருந்து மூளைக்குள் என்ன செய்கிறது என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. ரத்தத்தில் ஏற்றினால் பல பொருட்கள் மூளையின் வாசலையே தாண்டாது. தாண்டினாலும், நாம் பார்க்கிற நியூரானை அது நேரடியாகத் தொட்டதா, அக்கம்பக்கத்து நியூரான்கள் வழியாக வந்த விளைவா என்று எப்படிச் சொல்வது?

கான்பெராவில் டேவிட் கர்ட்டிஸும் ரோசமண்ட் எக்கிள்ஸும் (நோபல் பெற்ற ஜான் எக்கிள்ஸின் மகள்) 1958இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். தவளையின் நரம்பும் தசையும் சேருமிடத்தில் முன்பே செய்து பார்த்த உத்திதான். அதை மயக்கத்திலிருந்த பூனையின் முதுகுத்தண்டுவடத்துக்குள் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் குழல்களை ஒன்றாக ஒட்டி, சூடாக்கி இழுத்தால் நுனி சில மைக்ரோமீட்டர்தான் இருக்கும். சீக்கிரமே ஐந்து குழல் வடிவம் வழக்கமாயிற்று. நடுக்குழலில் உப்புக்கரைசல், அது நியூரானின் துடிப்பைக் கேட்கும். சுற்றியுள்ளவற்றில் மருந்துகள். சில நானோ ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்தால் மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள் வெளியே வரும். திசையைத் திருப்பினால் உள்ளேயே நிற்கும். பம்பும் இல்லை, வால்வும் இல்லை!

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். கர்ட்டிஸ், ஃபிலிஸ், வாட்கின்ஸ் மூவரும் குளுட்டமேட்டை நிரப்பிப் பார்த்தார்கள். தொட்ட நியூரானெல்லாம் படபடவென்று துடித்தது. ஆனால் இது நரம்புகள் பயன்படுத்தும் தூதுப்பொருளாக இருக்காது என்று முடிவு கட்டினார்கள். எல்லா நியூரானையும் தூண்டுகிறதே, இயற்கையில் அரிதான டி வடிவமும் வேலை செய்கிறதே என்பது அவர்கள் வாதம். அன்றைக்கு அது நியாயமான சந்தேகம் என்றே நினைக்கிறேன். ஊற்றினால் துடிக்கிறது என்பதும், நரம்பு அதைத்தான் சுரக்கிறது என்பதும் ஒன்றல்லவே. இன்று பாடப்புத்தகத்தில் குளுட்டமேட்தான் மூளையின் பிரதான தூண்டுபொருள்.

விடை பக்கத்துக் குழலில் இருந்தது. ஒரு குழலில் தூதுப்பொருள், இன்னொன்றில் அதைத் தடுக்கும் விஷம். நம்மூர் எட்டிக்கொட்டையின் ஸ்டிரிக்னைன், கிளைசினின் வேலையையும், தண்டுவட நரம்புகள் தாமாகச் செய்யும் அடக்கலையும் ஒன்றாக நிறுத்தியது. 1970இல் பிகுகுலின் காபாவுக்கு அதையே செய்தது. குளுட்டமேட்டுக்குத்தான் நல்ல தடுப்பான் இல்லை. அதைத் தேடிப் போனவர் அதே வாட்கின்ஸ். பின்னாளில் பிரிஸ்டலில் அவர் குழு உருவாக்கிய பொருட்களைக் குழலில் நிரப்பியபோது, நரம்பு தானே எழுப்பிய துடிப்பும் பல இடங்களில் அடங்கியது.