கிணற்றுத் தரவும் பொது வரைபடமும்: காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகளை முன்வைத்து

1. சிக்கல்

தென்காசி மாவட்டத்தில் எண்ணெய் கிடையாது. ஐந்தருவி விழும் மலையும், சிற்றாறு பாயும் அடிவாரச் சமவெளியும் சார்னோகைட், நைஸ் முதலிய மிகத் தொன்மையான படிகப் பாறைகளால் ஆனவை. எண்ணெய் உருவாகித் தேங்குவதற்கு வேண்டிய தடித்த படிவுப் பாறை அங்கே இல்லை. ஆகவே அங்கே கிணறு என்றால் தண்ணீர்க் கிணறுதான். ஆனால் தரவு மேலாண்மை பற்றிப் பேசும்போது அந்தத் தண்ணீர்க் கிணறுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் உள்ள தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. அந்த அளவுகள் இந்திய நீர்வளத் தகவல் அமைப்பின் இணைய வரைபடத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஆலங்குளத்து உழவரும் தில்லி அதிகாரியும் பார்ப்பது ஒரே புள்ளியை, ஒரே எண்ணை.

காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகளுக்கு இந்த நிலை வாய்க்கவில்லை. இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் சென்ற அந்தக் கிணறுகளின் பதிவுகள் பெரும்பாலும் அவற்றைத் தோண்டிய நிறுவனத்தின் உள்ளேயே புழங்குகின்றன. ஒரு கிணற்றின் இருப்பிடம், ஆழம், தோண்டிய காலம், இன்றைய நிலை ஆகிய நான்கு செய்திகளும் பொது வரைபடத்தில் இடம்பெற வேண்டும். அது மக்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு நிறுவனத்துக்கும் தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. படுகை சேர்த்துவைத்த அறிவு

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 1956இல் தோன்றியது. காவிரிப் படுகையில் அதன் முதல் ஆழ்கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது 1985இல், நரிமணத்தில். 1993இல் நாகப்பட்டினத்துக்கு அருகே சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. முதல் கிணற்றுக்கும் முதல் வெற்றிக்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேல் ஓடின. அந்த ஆண்டுகளில் எண்ணெய் தராத கிணறுகளும் வீணாகவில்லை. கோண்டுவானா நிலம் பிளந்தபோது உண்டான பள்ளங்களும் மேடுகளும் எங்கே கிடக்கின்றன, எந்த ஆழத்தில் எந்தப் பாறை வருகிறது என்பதை அவைதாம் காட்டிக்கொடுத்தன. ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், குடவாசல், கமலாபுரம், திருப்பூண்டி என நம் ஊர்ப் பெயர்களாலேயே அந்தப் பாறை அடுக்குகள் உலக நிலவியல் நூல்களில் குறிக்கப்படுகின்றன.

ஒரு கிணற்றுக் கோப்பில் துளையிடும்போது வெளிவந்த பாறைத் துகள்களின் விவரம், காமாக் கதிர், மின்தடை, ஒலி, அடர்த்தி ஆகியவற்றின் பதிவுகள், இறக்கிய இரும்புக் குழாய்களின் விட்டமும் ஆழமும், அவற்றைச் சுற்றி இட்ட சிமென்ட், அழுத்தச் சோதனை, உற்பத்திக் கணக்கு எல்லாம் சேர்ந்திருக்கும். எண்ணெய் ஒருநாள் தீரும். பல கோடி ரூபாய் செலவில் கிடைத்த இந்தப் பதிவு தீராது. புதிய கணினி முறைகள் வரும்போது பழைய பதிவிலிருந்தே புதிய முடிவுகள் பிறக்கின்றன.

3. அடையாளம், இடம், ஆழம்

பதிவு இருந்தால் மட்டும் போதாது. அது எந்தக் கிணற்றுக்குரியது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். துளையிடும் முன் ஒரு குறியீடு, துளையிட்டபின் வயலின் பெயரோடு ஓர் எண், உற்பத்திப் பிரிவில் ஒரு சுருக்கம், நிலம் எடுத்த கோப்பில் புல எண் என ஒரே கிணறு பல பெயர்களில் உலவுவது இத்தொழிலில் வழக்கம். 1988இல் கனடாவில் உருவான பெட்ரோலியத் தரவு மேலாண்மைச் சங்கம் பொதுவான தரவு மாதிரியை வகுத்ததும், அமெரிக்காவில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மாநிலமும் மாவட்டமும் அடங்கிய தனி எண் வழங்கப்படுவதும் இக்குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

அடுத்தது இடம். 1802இல் சென்னையில் வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த இந்திய நில அளவை, எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய செயற்கைக்கோள் இடங்காட்டிகள் வேறொரு நீள்கோளத்தைக் கொள்கின்றன. பழைய கோப்பிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மாற்றாமல் அப்படியே இன்றைய இணைய வரைபடத்தில் இட்டால், காவிரிப் படுகையில் புள்ளி ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளிப்போகும். ஒருவர் வயலில் உள்ள கிணறு அடுத்தவர் வீட்டுக்குள் போய் நிற்கும். எந்த அடிப்படையில் அளந்தது என்ற ஒரு வரிக் குறிப்பு விடுபட்டால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது.

ஆழத்திலும் இதே கவனம் வேண்டும். ஆழம் பொதுவாகத் துரப்பண மேடையிலிருந்து அளக்கப்படுகிறது, தரையிலிருந்து அன்று. சாய்வாகச் செல்லும் கிணற்றில் துளையின் நீளம் வேறு, செங்குத்து ஆழம் வேறு. அதன் அடிமுனை வேறோர் ஊரின் கீழே இருக்கலாம். ஆகவே வரைபடத்தில் ஒரு கிணற்றுக்கு ஒரு புள்ளி போதாது. தலைப்பகுதியும் அடிப்பகுதியும் இடைப்பட்ட பாதையும் வேண்டும்.

4. வரைபடம் யாருக்காக

இந்தியாவில் 2017 ஜூன் மாதம் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் தேசியத் தரவுக் களஞ்சியத்தைத் தொடங்கியது. நில அதிர்வுப் பதிவுகளும் கிணற்றுப் பதிவுகளும் ஓரிடத்தில் சேர்ந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் அதன் நோக்கம் திறந்தவெளி உரிமக் கொள்கையின்கீழ் பரப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முதலீட்டாளருக்கு உதவுவது. வயலோரத்தில் கிணறு வைத்திருக்கும் ஊருக்கு விடை சொல்வதற்காக அது அமைக்கப்படவில்லை.

அந்த ஆண்டிலேயே இந்தக் குறை வெளிப்பட்டது. சிறு எண்ணெய், எரிவாயு வயல்களின் பட்டியலில் நெடுவாசல் என்ற ஊர் இடம்பெற்றதும் பிப்ரவரியில் அங்கே போராட்டம் எழுந்தது. ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியபோது ஊரே திரண்டது. எங்கே எந்தக் கிணறு, எது இயங்குகிறது, எது மூடப்பட்டது, குழாய் எந்த வழியில் போகிறது என்பன மக்கள் கேட்ட மிக எளிய கேள்விகள். அவற்றுக்கு எவரும் சரிபார்க்கக்கூடிய பொது வரைபடம் ஒன்று இல்லாத இடத்தில், நிறுவனம் உண்மையே சொன்னாலும் அது நம்பப்படுவதில்லை.

உலகில் முன்மாதிரிகள் உண்டு. நார்வே அரசு தன் கடற்பரப்பிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் இடம், ஆழம், நிலை ஆகியவற்றை இணையத்தில் வெளியிடுகிறது. மூலப் பதிவுகளும் இரண்டாண்டுகளுக்குப் பின் திறக்கப்படுகின்றன. காவிரிப் படுகையைப் போலவே மக்கள் நெருங்கி வாழும் தாழ்நிலமான நெதர்லாந்து, ஐந்தாண்டு கழித்துக் கிணற்றுத் தரவைப் பொதுவில் வைக்கிறது. இரு நாடுகளிலும் எண்ணெய்த் தொழில் இதனால் முடங்கிவிடவில்லை.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு வணிக மறைவு. பாறைப் பதிவும் நில அதிர்வு விளக்கமும் போட்டியாளருக்குப் பயன்படும் என்பது உண்மை. அவற்றுக்குக் காலவரையறையோடு கூடிய மறைவு நியாயமே. கிணற்றின் இருப்பிடமோ அது சிமென்டால் அடைக்கப்பட்டதா என்பதோ வணிக இரகசியம் ஆகாது.

இரண்டாவது, பாதுகாப்பு. துரப்பணத் தளங்கள் செயற்கைக்கோள் படங்களில் எவருக்கும் தெரிகின்றன. 2021இல் மத்திய அரசே நிலப்படத் தரவுக்கான கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. மறைத்தால் இருளில் இருப்பது பக்கத்து வயல்காரர் மட்டுமே.

மூன்றாவது, தரவு வெளியானால் எதிர்ப்பு வளரும் என்ற அச்சம். எதிர்ப்புக்குக் காரணமான கிணறு உண்மையில் இருக்கிறதென்றால் அந்த எதிர்ப்பைச் சந்திப்பது பொதுத்துறையின் கடமை. காரணம் இல்லையென்றால் அதைக் காட்டும் சான்று வரைபடமே.

6. செய்ய வேண்டியது

2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. ஏற்கெனவே நடப்பவற்றைத் தொடவில்லை. ஆகவே இம்மண்டலத்தில் இனி முதன்மை பெறுவது பழைய கிணறுகளின் பொறுப்பு. மூடிய கிணற்றின் சிமென்டும் இரும்பும்தான் நன்னீர் அடுக்குகளைக் காக்கின்றன. அவை காலப்போக்கில் தேயக்கூடியவை. மூடியவர் ஓய்வுபெற்று, கோப்பு அறை மாறி, நிலம் கைமாறியபின் அந்தக் கிணற்றை நினைவில் வைத்திருக்கப்போவது பதிவு மட்டுமே.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்கும் முன்னரே வெளியிடும் கடமையைப் பொது அமைப்புகளுக்கு விதித்துள்ளது. அதன்படி திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் மூடப்பட்ட கிணறுகளிலிருந்து பணியைத் தொடங்கலாம். கிணற்றுக்கு ஒரே எண், அளவை அடிப்படை குறித்த இடம், புல எண், ஆழம், மூடிய நாள், கடைசியாகச் சோதித்த நாள் ஆகியவை தமிழில், கைப்பேசியில் திறக்கும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். அதன்மேல் நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகளையும் சேர்த்தால், எண்ணெய்க் கிணற்றுக்கு அருகே நீர் எப்படி இருக்கிறது என்பதை ஊராட்சியும் நிறுவனமும் ஒரே சான்றை வைத்துப் பேச முடியும். தென்காசியின் தண்ணீர்க் கிணற்றுக்குப் பொருந்திய நெறி நரிமணத்தின் எண்ணெய்க் கிணற்றுக்குப் பொருந்தாது என்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.