பிள்ளையிடம் கேட்கத் தொடங்கிய அவசரப் பிரிவு

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கம் பழையது. உயிரைக் காப்பாற்றிய பிறகு அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது மருத்துவம் மெல்லக் கற்ற பாடம். இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை முயற்சி ஒரு குற்றம். பிழைத்தவர்மீது வழக்குத் தொடர இடமிருந்தது. அந்த ஆண்டின் தற்கொலைச் சட்டம் அதை நீக்கியது. நஞ்சுண்டு பிழைத்தவரை, நஞ்சு நீங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல் மனநலப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று 1968இல் ஹில் குழு பரிந்துரைத்தது. நைஸ் என்ற தேசிய மருத்துவத் தர அமைப்பு 2004இல் தந்த வழிகாட்டுதல் சிறுவர்களைத் தனியாகக் கருதியது. 16 வயதுக்கு உட்பட்டோரைக் குழந்தைகளுக்கான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இரவு குழந்தைகள் வார்டில் தங்கவைத்து மறுநாள் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றது. நள்ளிரவுப் பரபரப்பில் எந்தப் பிள்ளையும் மனம்விட்டுப் பேசாது. அந்த ஓர் இரவு வீட்டாருக்கும் மூச்சுவிட நேரம் தருகிறது.

அமெரிக்காவில் 1970களில் வேறொரு முறை பரவியது. ‘என் உயிருக்குத் தீங்கு செய்துகொள்ள மாட்டேன்’ என்று நோயாளியிடம் உறுதிமொழி வாங்கினார்கள். பல இடங்களில் கையெழுத்தும் வாங்கினார்கள். அது உயிரைக் காத்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்தக் காகிதம் மருத்துவரின் அச்சத்தைத்தான் தணித்தது. பின்னாளில் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் பாதுகாப்புத் திட்டம் என்ற முறையை வகுத்தார்கள். நெருக்கடி வருவதை எந்த அறிகுறி காட்டும், அப்போது யாரிடம் போவது, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து எப்படி அகற்றுவது என்பதையெல்லாம் நோயாளியின் சொற்களிலேயே எழுதிக் கையில் கொடுப்பார்கள்.

வீட்டாரையும் சேர்த்துக்கொண்ட முயற்சி 1990களில் நியூயார்க்கில் நடந்தது. மேரி ஜேன் ரோத்தரம்-போரஸ் குழுவினர் தற்கொலைக்கு முயன்ற பதின்வயதுப் பெண்களுக்காக ஓர் அவசரப் பிரிவின் நடைமுறையையே மாற்றினார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதை விளக்கும் காணொளியைத் தாய்க்கும் மகளுக்கும் காட்டினார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார்கள். தொடர் சிகிச்சைக்கு வருவது கூடியது. அவசரப் பிரிவிலிருந்து போன பிள்ளைகளில் பலர் திரும்பி வராததே அதுவரை பெருங்கவலையாக இருந்ததால், இது சிறிய பலன் அன்று.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் நெடுநாள் இருந்தது. மேடலின் கூல்ட் குழுவினர் நியூயார்க் மாநிலத்தில் 2000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்து, கேட்பதால் அந்த எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை என்று 2005இல் காட்டினார்கள். 2012இல் லிசா ஹொரோவிட்ஸ் குழுவினர் நான்கே கேள்விகள் கொண்ட ஏ.எஸ்.க்யூ. என்ற சோதனையை வெளியிட்டார்கள். வயிற்றுவலி என்று வந்த பிள்ளையிடமும் இதைக் கேட்கலாம். பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நெடுங்காலம் குறுக்கே நின்றது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, ‘தெரியாமல் குடித்துவிட்டான்’ என்று வீட்டார் மறைத்தார்கள். மறைத்ததால் உடலுக்கு மட்டும் வைத்தியம் நடந்தது. சட்டம் மாறுமுன்பே, 1986இல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. பராமரிப்பு அளிப்பதை அரசின் கடமையாகவும் ஆக்குகிறது. ஆகவே நடந்ததை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பேச்சில் சாவைப் பற்றிய சொல் வந்தால், தயங்காமல் நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், ஆபத்து உடனடியானால் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.