இதயத்தின் தாளம் – 9: பன்றி மூளை, கோழிக் குடல்

சென்ற வாரம் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1981. எலி இதயத்தின் மேலறையை அரைத்து எடுத்த சாற்றை இன்னோர் எலிக்கு ஊசி போட்டார் அடால்ஃபோ டி போல்ட். அந்த எலி சிறுநீரும் உப்புமாகக் கொட்டித் தீர்த்தது. ரத்தத்தைத் தள்ளுவதோடு சரி என்று நினைத்திருந்த இதயம், ஹார்மோனும் சுரக்கிறது! ஏ.என்.பி. என்று பெயர் வைத்தார்கள்.

இனி ஜப்பான். கியூஷு தீவில் மியாசாகி மருத்துவக் கல்லூரி. அங்கே ஹிசாயுகி மாட்சுவோ. லேசுப்பட்ட ஆள் இல்லை. 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் அமெரிக்க ஆய்வகத்தில், பன்றி மூளையிலிருந்து எடுத்த துளியூண்டு சரக்கை வைத்து ஓர் இனப்பெருக்க ஹார்மோனின் கட்டமைப்பை அவிழ்த்தவர். 1977இல் நோபல் ஷாலிக்குப் போனது, மாட்சுவோவுக்கு இல்லை. பரிசுகளின் கணக்கே தனி.

மனித ஏ.என்.பி.யில் 28 அமினோ அமிலங்கள் இருப்பதை 1984இலேயே மாட்சுவோவும் கென்ஜி கங்காவாவும் கண்டுவிட்டார்கள். இதைப் போன்ற ஒன்று மூளையிலும் இருக்குமோ? மறுபடியும் பன்றி மூளை. சாற்றைப் பல பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பிரிவையும் சோதிக்க அவர்களிடம் இருந்த கருவி கோழிக்குஞ்சின் மலக்குடல் துண்டு! சாறு பட்டதும் துண்டு தளர்ந்தால் உள்ளே விஷயம் இருக்கிறது. தளராவிட்டால் அடுத்த குழாய்.

ஒரு பிரிவில் துண்டு நன்றாகவே தளர்ந்தது. உள்ளே இருந்தது 26 அமினோ அமிலங்கள் கொண்ட புதிய பெப்டைடு. 1988இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. மூளையில் கிடைத்ததால் ‘மூளை நேட்ரியூரெடிக் பெப்டைடு’, சுருக்கமாக பி.என்.பி. இதயத்துக்கு மூளை அனுப்பும் ரகசியக் கட்டளை சிக்கிவிட்டதா?

மூன்றே வருடத்தில் கதை தலைகீழானது. மனித உடலில் இதை அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறைதான் என்று கியோட்டோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூச்சிரைத்து வருபவருக்கு இன்று ஆஸ்பத்திரியில் எடுக்கும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனை இந்தச் சரக்கைத்தான் அளக்கிறது. பெயரில் மட்டும் மூளை ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, தாளம்? மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ நோயாளிகளின் ரத்தத்தில் பி.என்.பி. எகிறி நிற்கிறது. தாளம் கெட்டதால் இது சுரந்ததா, இது சுரந்ததால் தாளம் கெட்டதா? முதல் பாதிக்குத்தான் சாட்சிகள் அதிகம். பி.என்.பி.யையே ‘நெசிரிடைடு’ என்ற மருந்தாக்கி, இதயம் பலவீனமான 255 பேரிடம் டோபுடமின் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2002இல் வந்தது. டோபுடமின் கீழறையில் தப்புத் துடிப்புகளைக் கூட்டியது, நெசிரிடைடு கூட்டவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்து பி.என்.பி. இறங்கிக்கொண்டது.

ஆனால் அதன் அண்ணன்?

2008இல் ஒரு குடும்பத்தின் மரபணுவை அமெரிக்க ஆய்வாளர்கள் படித்தார்கள். தலைமுறை தாண்டி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தொடரும் குடும்பம். ஏ.என்.பி.யை எழுதும் இடத்தில் இரண்டே எழுத்துகள் விடுபட்டிருந்தன. ‘இத்தோடு நிறுத்து’ என்ற குறியே அதனால் அழிந்துபோக, 28இல் முடிய வேண்டிய பெப்டைடு 40 வரை நீண்டு, அவர்கள் ரத்தத்தில் ஏராளமாக ஓடிக்கொண்டிருந்தது. உடலிலிருந்து தனியே எடுத்துத் துடிக்கவிட்ட ஓர் இதயத்துக்குள் அந்த நீண்ட பெப்டைடைச் செலுத்தினார்கள். மேலறையின் மின்பதிவு மாறத் தொடங்கியது...

(தொடரும்)